மூன்றாவது ஆள் யாருடைய ஓட்டைத் தின்கிறான்?

போன வாரம் காலையில் எலுமிச்சை மார்க்கெட் பக்கம் டீ குடிக்கப் போயிருந்தேன். அங்கே கமிஷன் கடை வைத்திருக்கிற தம்பி ஒருவர் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் போட்டு உட்காரவைத்து, ஒரு கேள்வி கேட்டார்.

"பெரியப்பா, எங்க கட்சியில நம்ம தொகுதிக்கு அஞ்சு பேர் விருப்ப மனு கொடுக்கப் போறாங்களாம். அஞ்சு பேர்னா ஆளுக்கு அஞ்சுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு எங்க ஆளு சொல்லுதாரு. அது சரிதானா?"

"அப்படி இல்லப்பா. அந்த அஞ்சு பேர்ல யாரு யாரு ஒரே மாதிரி ஆளுன்னு முதல்ல பாரு. அதுக்கப்புறம் கணக்குப் போடு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் கடையையே உதாரணமாகச் சொன்னேன். "உன் கடைக்குப் பக்கத்துல இன்னொருத்தன் எலுமிச்சைக் கடை போட்டா யாருக்கு நஷ்டம்? உனக்குத்தான். எதுத்தாப்புல இருக்கிற வாழைக்காய் கடைக்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல." சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டுச் சரித்திரத்துக்குப் போகிறேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் கிழவன் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறான் என்று பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

1983-ஆம் ஆண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஊழியர் சங்கக் கிளைக்குச் செயலாளர் தேர்தல் வந்தது. எங்கள் அணியில் என் நெருங்கிய நண்பர் ஒருவர் நிற்பதாக அறிவித்தார். தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரை நிரந்தரமாக்கச் சொல்லி மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர். நல்ல மனிதர். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கலக்காமல் அறிவித்துவிட்டார் என்று எனக்குள் ஒரு புகைச்சல். அந்த நேரம் பார்த்து எதிர் அணிக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நீங்க நின்னா எல்லாருக்கும் சந்தோஷம்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நின்றேன். எண்ணி முடித்தபோது எதிர் அணிக்காரர் 27, என் நண்பர் 23, நான் 9.

அந்த மனுவைப் புதுச் செயலாளர் கையிலெடுக்கவில்லை. தற்காலிகப் பணியாளர்கள் இரண்டு பேரும் அடுத்த வருஷமே வீட்டுக்குப் போனார்கள். நண்பர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் நான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கவும் யோசிக்கவும் ஆரம்பித்தேன். ஒரே வீட்டுக்குள் நடக்கிற போட்டியில் ஒருவர் நிற்பது இன்னொருவரின் வாய்ப்பை எப்படிப் பாதிக்கிறது?

நம் நாட்டில் அமெரிக்காவைப் போல 'பிரைமரி' கிடையாது. அங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். இங்கே விருப்ப மனு, நேர்காணல், அதற்கு மேல் தலைமை. ஆனால் ஒரு காலத்தில் காங்கிரஸ் கட்சிக்குள் உண்மையாகவே ஓட்டுப் போட்டு, எண்ணி, தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் அப்பா கதர் கட்டியவர். அந்த எண்ணிக்கைகளைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மனப்பாடமாகச் சொல்லுவார். அவர் சொன்னதையும் பின்னால் நான் படித்துச் சரிபார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் 1940. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்குப் போட்டி. ஒரு பக்கம் ராஜாஜியின் ஆதரவு பெற்ற கோவை சி.பி. சுப்பையா. இன்னொரு பக்கம் சத்தியமூர்த்தி நிறுத்திய விருதுநகர் காமராஜ். காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்றே ஓட்டு வித்தியாசம். சத்தியமூர்த்தி தன் சீடரைத் தலைவராக்கிவிட்டு, அவருக்குக் கீழே தானே செயலாளராக இருந்தார். குரு செயலாளர், சீடர் தலைவர்.

இதே சத்தியமூர்த்தி 1937 தேர்தலில் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தவர். ராஜாஜி பிரதமரானார் (அப்போது மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்லுவார்கள்). மந்திரிசபையில் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. ஒதுங்கிக்கொடுத்தவருக்கு அங்கே பலன் கிடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1940-ல் நேருக்கு நேர் இரண்டு பேர்தான். அந்த 203 ஓட்டில் காமராஜர் பக்கத்திலிருந்து ஒரு மூன்றாவது ஆள் கோபித்துக்கொண்டு நின்று நாலே நாலு ஓட்டை எடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கும். காமராஜர் 99, சுப்பையா 100. தமிழ்நாட்டின் அடுத்த முப்பது வருஷ அரசியல் எப்படிப் போயிருக்குமோ, யார் கண்டது?

அடுத்தது 1946. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அந்த வருஷம் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. அன்றைய மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரப் பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. யார் பிரதமர் என்ற கேள்வி வந்தபோது கட்சிக்குள் மூன்று அணிகள். ஒன்று ராஜாஜி அணி. காந்திஜியும் காங்கிரஸ் மேலிடமும் ராஜாஜியைத்தான் விரும்பினார்கள். ஆனால் 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை ஏற்காமல் காங்கிரஸை விட்டு விலகியிருந்தவர் அவர். சிறைக்குப் போய் வந்த உறுப்பினர்கள் பலருக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. இரண்டாவது, காமராஜர் அணி. மூன்றாவது, ஆந்திரத்தின் பிரகாசம் அணி. மேலிடம் சொல்லியும் பெரும்பாலான உறுப்பினர்கள் ராஜாஜியை ஏற்கவில்லை.

கடைசியில் போட்டி இரண்டு பேருக்குள் வந்தது. பிரகாசம் ஒருவர். காமராஜர் ஆதரித்த சி.என். முத்துரங்க முதலியார் இன்னொருவர். மேலோட்டமாகப் பார்த்தால் 1940 போல இருவர் போட்டிதான். ஆனால் மூன்றாவது அணி காணாமல் போய்விடவில்லை. ராஜாஜியின் ஆதரவாளர்கள் யாருக்கும் ஓட்டுப் போடாமல் நடுநிலை வகித்தார்கள். முடிவு, பிரகாசம் 82, முத்துரங்க முதலியார் 69. வித்தியாசம் 13.

இதில் இருக்கிற நுணுக்கத்தைக் கவனியுங்கள். தமிழ்ப் பகுதி உறுப்பினர்களே ராஜாஜி பக்கம், காமராஜர் பக்கம் என்று பிரிந்து கிடந்தார்கள். அந்த இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்திருந்தால் கணக்கு வேறு. ராஜாஜி வேட்பாளராக நிற்கவில்லை, ஆனாலும் அவர் அணியின் மௌனமே ஓர் ஓட்டுப் போல வேலை செய்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நாம் சொல்லுவோம். பிரகாசத்தைக் கூத்தாடி என்று நான் சொல்லவில்லை. சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது துப்பாக்கிக்கு முன் மார்பைக் காட்டி நின்ற மனிதர் அவர். கணக்கைத்தான் சொல்கிறேன்.

அந்த வெற்றி நிலைக்கவும் இல்லை. 1946 ஏப்ரல் 30-ல் பதவியேற்றவர் பதினோரு மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. கட்சிக்குள்ளேயே ஆதரவை இழந்து, 1947 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. எதிரிகள் பிரிந்ததால் கிடைத்த நாற்காலியை எதிரிகள் சேர்ந்தால் காலி செய்துவிடலாம். ஓமந்தூராருக்குப் பிறகு 1949-ல் வந்தவர் நமக்குப் பக்கத்து ஊர் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா. மூன்று வருஷத்துக்குள் மூன்று தலைவர்கள். கட்சிக்குள் அணிகள் எப்படி ஒன்றையொன்று தின்றன என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே கொஞ்சம் டெல்லிக்குப் போய்வர வேண்டும். 1950-ல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் தேர்தல். மூன்று பேர் நின்றார்கள். படேலின் ஆதரவு பெற்ற புருஷோத்தம தாஸ் டாண்டன். நேரு விரும்பிய கிருபளானி. மூன்றாவதாகச் சங்கர ராவ் தேவ். டாண்டன் 1306, கிருபளானி 1092, சங்கர ராவ் தேவ் 202.

டாண்டன் 214 ஓட்டில் ஜெயித்தார் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். எங்கள் அப்பா அப்படி விடமாட்டார். "தோத்த ரெண்டு பேரையும் கூட்டிப் பாருலே" என்பார். 1092-ம் 202-ம் 1294. டாண்டன் பெற்றது 1306. வித்தியாசம் 12 மட்டும்தான். தேவ் வாங்கிய அத்தனை ஓட்டும் கிருபளானிக்கே போயிருந்தாலும் டாண்டன் மயிரிழையில் ஜெயித்திருப்பார் என்பது உண்மை. ஆனால் ஓட்டு வெறும் எண்ணிக்கை மட்டும் இல்லை. மூன்றாவது ஆள் இல்லாமல் களம் இரண்டாகப் பிரிந்திருந்தால் யார் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள், எத்தனை பேர் கூடுதலாகக் கிளம்பி வந்து ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்பதெல்லாம் வேறு கதை. டாண்டனும் நிலைக்கவில்லை. 1951 செப்டம்பரில் விலகினார். நேருவே தலைவரானார்.

மூன்றாவது ஆள் விலகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடவும் கூடாது. 1939 திரிபுரி காங்கிரஸ் தலைவர் தேர்தல் நம்மில் பலருக்குத் தெரியும். மௌலானா ஆசாத் பெயர் அடிபட்டது. அவர் பட்டாபி சீதாராமையாவுக்காக விலகிக்கொண்டார். காந்திஜியின் ஆதரவும் பட்டாபிக்குத்தான். இருந்தும் சுபாஷ் சந்திர போஸ் 1580, பட்டாபி 1377. ஒருவர் ஒதுங்கும்போது அவருடைய ஓட்டு மூட்டை கட்டிய எலுமிச்சை மாதிரி அப்படியே அடுத்த கடைக்குப் போய்ச் சேராது. கொஞ்சம் போகும், கொஞ்சம் சிதறும், கொஞ்சம் எதிர்க் கடைக்கே போகும்.

ஓட்டுப் பிரிந்தது என்று தோற்றவர்கள் சொல்லும் எல்லாச் சமாதானத்தையும் நம்பவும் கூடாது. 1997-ல் காங்கிரஸ் தலைவர் பதவிக்குச் சீதாராம் கேசரியை எதிர்த்து சரத் பவார், ராஜேஷ் பைலட் என இரண்டு பேர் நின்றார்கள். கேசரி 6224, பவார் 882, பைலட் 354. தோற்ற இருவரையும் சேர்த்தால்கூட 1236-தான். அங்கே மூன்றாவது ஆளால் ஒன்றும் கெடவில்லை. ஆக, மூன்றாவது ஆள் விஷயம் வித்தியாசம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவதற்கு முன்னால் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இப்போது 1954-க்கு வருவோம். எனக்கு அப்போது ஐந்து வயது. நேரில் கண்ட நினைவு கிடையாது. ஆனால் அப்பா அடிக்கடி சொன்னதால் நானே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு பிரமை.

1952-ல் முதலமைச்சரான ராஜாஜிக்கு, அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தால் கட்சிக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பு. குலக்கல்வித் திட்டம் என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. 1953 அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது. இதை நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆந்திர உறுப்பினர்கள் போனதும் சட்டமன்றக் கட்சியின் கணக்கே மாறிவிட்டது. 1946-ல் மூன்று அணிகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான் மிச்சம். ராஜாஜி அணி, காமராஜர் அணி. இடையில் புகுந்து பலன் அடைய மூன்றாவது ஆள் இல்லை.

ராஜாஜி விலகினார். அவர் பக்கத்திலிருந்து சி. சுப்பிரமணியம் நிறுத்தப்பட்டார். எதிரே காமராஜர். முடிவு, காமராஜர் 93, சுப்பிரமணியம் 41. 1946-ல் 13 ஓட்டில் தோற்ற அணி, எட்டு வருஷம் கழித்து 52 ஓட்டில் ஜெயித்தது.

ஆனால் அப்பா கதையை இங்கே நிறுத்தமாட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இதுக்குப் பிறகுதான்டா விஷயமே இருக்கு" என்பார்.

ஏப்ரல் 13-ல் காமராஜர் பதவியேற்றார். எட்டுப் பேர் கொண்ட சின்ன மந்திரிசபை. அதில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தைச் சேர்த்தார். எதிர் அணியில் இருந்த பக்தவத்சலத்தையும் சேர்த்தார். கட்சிக்கே வெளியில் இருந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர், உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சி இருவரையும் சேர்த்தார். 1946-ல் பிரகாசம் மந்திரிசபை ஏன் கவிழ்ந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அல்லவா? தோற்றவர்களை வெளியே விட்டால் அவர்கள் ஒன்றுசேர்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒன்பதரை வருஷம் அந்த நாற்காலி ஆடவில்லை. 1963 அக்டோபரில் அவராகவே எழுந்தபோது, அதில் உட்கார்ந்தவர் அதே பக்தவத்சலம். சி. சுப்பிரமணியமோ டெல்லிக்குப் போய், உணவு மந்திரியாகப் பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்டார்.

நேரு மறைந்த பிறகு 1964-ல் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டுப் போட்டியே இல்லாமல் லால் பகதூர் சாஸ்திரியைக் கொண்டுவந்தார். சாஸ்திரி மறைந்த பின் 1966 ஜனவரியில் ஆசைப்பட்டவர்கள் பலர். காமராஜரே நிற்க வேண்டும் என்றவர்களும் உண்டு. அவர் மறுத்துவிட்டார். களத்தைச் சுருக்கிச் சுருக்கி, மொரார்ஜிக்கு எதிரே ஒரே ஆளாக இந்திரா காந்தியை நிறுத்தினார்கள். இந்திரா 355, மொரார்ஜி 169. மொரார்ஜிக்கு எதிரான ஓட்டு மூன்றாகவோ நாலாகவோ உடைந்திருந்தால் இந்த எண்கள் வந்திருக்காது.

உலகத்தில் வேறு எங்கும் இப்படி இல்லையா என்றால், அமெரிக்காவில் நம் கண்முன்னே நடந்தது. 2016-ல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக ஆசைப்பட்டு 17 பேர் கிளம்பினார்கள். தெற்குக் கரோலினா மாநிலத்தில் டிரம்ப்புக்குக் கிடைத்தது 32.5 சதவீதம். ரூபியோவுக்கு 22.5, குரூஸுக்கு 22.3. மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லாத ஓட்டை வைத்துக்கொண்டு அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளையும் டிரம்ப் அள்ளிக்கொண்டார். ரூபியோவும் குரூஸும் "நீ விலகு, நீ விலகு" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் விலகவில்லை. விலகியிருந்தாலும் திரிபுரி மாதிரி ஓட்டுச் சிதறியிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் வாய்ப்பே கொடுக்காமல் இருவரும் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நாலு வருஷம் கழித்து எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள் போலிருக்கிறது. 2020 மார்ச் 3-ல் 14 மாநிலங்களில் ஒரே நாளில் ஓட்டுப் பதிவு. அதற்கு இரண்டு நாள் முன்னால் பூட்டிஜிச்சும், ஒரு நாள் முன்னால் குளோபுச்சாரும் விலகி, பைடனை ஆதரித்தார்கள். மூன்று பேருமே ஏறக்குறைய ஒரே போக்கு உள்ளவர்கள். மறுபக்கத்தில் ஒரே போக்குள்ள சாண்டர்ஸும் வாரனும் அன்றைக்கு இரண்டு பேருமே களத்தில் இருந்தார்கள். பைடன் 14-ல் 10 மாநிலங்களை ஜெயித்தார். ஒரு பக்கத்துக் கடைகள் ஒன்றாகிவிட்டன, மறுபக்கத்தில் இரண்டு கடையும் திறந்தே இருந்தன.

இதற்கு மருந்தே இல்லையா? நம் அரசியல் சட்டத்திலேயே ஒரு மருந்து இருக்கிறது. ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசையாக எழுதலாம். 1969-ல் காங்கிரஸே இரண்டாகக் கிழிந்து, ஒரு பக்கம் சஞ்சீவ ரெட்டி, இன்னொரு பக்கம் வி.வி. கிரி. மூன்றாவதாக சி.டி. தேஷ்முக். முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. மற்றவர்களை நீக்கி, அவர்களுடைய ஓட்டை இரண்டாம் விருப்பப்படி பிரித்துக் கொடுத்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. சிதறிய ஓட்டில் பெரும்பகுதி ரெட்டிக்குத்தான் போயிற்று. கூட்டிக் கழித்தால் கிரிக்குச் சுமார் 18 ஆயிரம்தான், ரெட்டிக்கோ 91 ஆயிரத்துக்கும் மேல். ஆனாலும் கிரி தாண்டிவிட்டார். நின்றவர்கள் யாரும் யாருடைய ஓட்டையும் வீணாக்கவில்லை. தோற்றவர்கள் யாரைப் பார்த்தும் "உன்னால் கெட்டேன்" என்று சொல்ல முடியவில்லை. இந்தக் கிரி 1946-ல் பிரகாசத்தின் மந்திரிசபையில் இருந்தவர் என்பது ஒரு சுவாரசியம்.

எங்கள் சங்கத் தேர்தலில் அப்படி இரண்டாம் விருப்பம் எழுதச் சொல்லியிருந்தால் என் கதையும் வேறு மாதிரி முடிந்திருக்கும். அந்த முறை எங்களுக்கு யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், என்னை நிற்கச் சொன்ன எதிர் அணிக்காரர் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். அவர் என்னைக் கூப்பிட்டது என் திறமையைப் பார்த்து இல்லை, என் ஓட்டு எங்கிருந்து வரும் என்று பார்த்துத்தான் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. கட்சிகளிலும் இதுதான் நடக்கிறது. எதிரியைத் தோற்கடிக்க ஓட்டுத் தேடுவதைவிட, எதிரியைப் போலவே இருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து நிற்கவைப்பது சுலபம்.

அதனால்தான் கமிஷன் கடைத் தம்பியிடம் மறுநாள் போய் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, உன் ஆளு அஞ்சு பேரையும் எண்ணாமல், தன்னைப் போலவே இருக்கிற ஆள் யார் என்று கண்டுபிடித்து, இப்போதே அவர் வீட்டுக்குப் போகட்டும். யார் நிற்பது, யார் ஒதுங்குவது, ஒதுங்குகிறவருக்கு என்ன மரியாதை என்று பேசி முடிக்கட்டும். சத்தியமூர்த்திக்கு 1937-ல் நடந்தது நடக்கக் கூடாது. இரண்டு, ஜெயித்தால் முதல் சால்வையைத் தோற்ற நாலு பேருக்கும் போர்த்தட்டும். அவர் எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் டீக்குக் காசு வாங்கவிடவில்லை.

என் நண்பர் கதையை முடிக்க வேண்டும். பதினோரு வருஷம் பேசாமல் இருந்தோம். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார நேர்ந்தாலும் அவர் ஜன்னலைப் பார்ப்பார், நான் டிக்கெட்டைப் பார்ப்பேன். ஒரு வருஷம் சங்கரன்கோவில் ஆடித்தபசு. கூட்டத்தில் நெருக்கித் தள்ளி எங்கள் இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. சப்பரம் வர நேரமிருந்தது. வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏவே, அந்த ஒம்பது பேரு யாருன்னு இப்பவாவது சொல்லும்."

விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். ஒன்பதில் ஒன்று என் ஓட்டு. மற்ற எட்டுப் பேரில் இரண்டு பேர் எனக்குச் சொந்தக்காரர்கள், எப்படியும் எனக்குத்தான் போடுவார்கள். மிச்சம் ஆறு பேரும் நான் நிற்காவிட்டால் அவருக்குத்தான் போட்டிருப்பார்கள். அதைச் சொல்லவும் செய்தேன்.

"உம்ம ஓட்டு?" என்றார்.

"நான் நிக்கலைன்னா உமக்குத்தான போட்டிருப்பேன்" என்றேன்.

"அப்ப ஏழு. இருவத்தி மூணும் ஏழும் முப்பது" என்றார். கணக்கை அவர் அப்போது போடவில்லை. பதினோரு வருஷமாகப் போட்டு வைத்திருந்தது போலிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கோமதியம்மன் சப்பரம் திரும்பிவிட்டது. இரண்டு பேரும் எழுந்து கும்பிட்டோம். வேலை போன அந்த இரண்டு பேரில் ஒருவர் தெற்கு ரத வீதியில் கடலை விற்றுக்கொண்டிருந்தார். நண்பர் போய் இரண்டு பொட்டலம் வாங்கிவந்து, ஒன்றை என் கையில் கொடுத்தார். அந்தக் கடலையை மென்று விழுங்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.